வற்றத்துக்குக் காத்திருக்கும் வாரம்

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

பினாங்கில் கடலோரச் சதுப்புநில ஆய்வக வகுப்பு தொடங்கியது. இரண்டே வாரம். முதல் வாரம் கடல் ஒத்துழைக்காது. அமாவாசை நெருங்கினால்தான் நீர் நன்றாக வற்றிச் சேறு வெளியே தெரியும். அது சனிக்கிழமை. அதுவரை நான்கு சுவருக்குள்தான்.

அலையாத்திக் காட்டை வரையச் சொன்னேன். எல்லாரும் மரம் வரைந்தார்கள், முட்டுவேர்கூட அழகாக. வேருக்குக் கீழே தாள் வெள்ளையாகவே இருந்தது. எனக்கு வேண்டியது அந்த வெள்ளை இடம்தான், அங்கே இருக்கும் சேறு.

மாலை பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19

ஆய்வக அடுப்பு நினைப்பாகவே இருக்கிறது. காய்ந்த சேற்றை எடை போட்டு, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து, மறுபடி எடை போட்டால் குறைந்தது எவ்வளவோ அவ்வளவு கரிமப் பொருள், அதாவது சேற்றில் புதைந்த இலை, வேர். கேட்க எளிது. ஆனால் நம் கரைச் சேற்றில் சிப்பித் தூள் கலந்திருக்கும். அடுப்பு 550 என்று காட்டிக்கொண்டு உள்ளே 700ஐத் தாண்டிவிட்டால், சிப்பியின் சுண்ணாம்பும் உடைந்து கரியமில வாயுவாகப் போய்விடும். அதையும் சேர்த்து இலை, வேர் என்று கணக்கெழுதி வைப்போம். களிமண் வேறு, தனக்குள் பிடித்து வைத்த நீரைச் சூட்டில் விடும். எங்கள் அடுப்பு பழசு. கதவோரம் ஒரு சூடு, பின்சுவரோரம் ஒரு சூடு. பக்கத்துத் துறையில் உள்சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு சதுப்பை அழிக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவார்கள். எண் பிழையாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 20

அப்பாவுக்கு மூச்சு இன்று பரவாயில்லை. கஞ்சி குடித்தார்.

ஆகஸ்ட் 21

பேராக் மாநிலத்திலிருந்து வந்த மாணவி அங்குள்ள மாத்தாங் அலையாத்திக் காட்டைப் பற்றிக் கேட்டாள். நல்ல கேள்வி. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். 1902 முதல் திட்டம் போட்டு வளர்த்து, 30 ஆண்டுச் சுற்றில் வெட்டி, கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். வெட்டியும் காடு நிற்கிறதே மேடம், அப்புறம் ஏன் கவலை என்றாள்.

மரம் வளர்ந்துவிடும், சரி. சேறு அப்படியில்லை. இறால் குளத்துக்காக வரப்பு கட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே போகும். நூற்றாண்டுகளாக மக்காமல் கிடந்த வேரெல்லாம் மக்கத் தொடங்கும். சேற்றிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகி மண்ணையே புளிக்க வைத்துவிடும். வெட்டுவதைவிட வடிப்பதுதான் கொடுமை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டார்களாம். ரிப்போர்ட் எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இருட்டில் பாலிக் புலாவ் மலைப்பாதை. கோலா சுங்கை பினாங் வந்து சேர்ந்தும் விடியவில்லை. ஏழு மணியை ஒட்டி நல்ல வற்றம்.

தில்லை மரத்தை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று தமிழிலும் மலாயிலும் சொன்னேன். சிதம்பரத்துத் தல மரம்தான் என்று சொன்னதும் இரண்டு பேர் தள்ளி நின்றே கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

குழாயை ஒரு மீட்டர் இறக்கி, திருகி, மெதுவாக உருவினோம். மேலே விரல் அகலம் பழுப்பு. அதற்கடியில் சாம்பல். அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். 80 செ.மீ. ஆழத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு வேர்த் துண்டு. உடைத்தால் உள்ளே சிவப்பு அப்படியே இருக்கிறது, நார்கூடப் பிரியவில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் சேறு படியும். இந்த வேர் எந்தக் காலத்து மரத்தினுடையதோ! வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவன் அந்தத் துண்டைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

எட்டரைக்கெல்லாம் நீர் ஏறத் தொடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 24

"சேத்துல இறங்குனியா?"

"இறங்குனேன்ப்பா."

"நண்டு இருந்துச்சா?"

"சின்னதுதான். ஒத்தக் கொடுக்கு சிவப்பா."

"அது கறிக்கு ஆகாதும்மா. நிபோங் திபால்ல நாங்க பிடிச்சது இம்மாம் பெருசு."

கையை விரித்துக் காட்டினார். மூக்குக் குழாய் நழுவியது, சரிசெய்தேன். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களைப் பற்றி நிறையப் பேசினார், இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. பேச வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 26

தெர்மோகப்பிள் கிடைத்தது! பின்சுவரோரம் சூடு அதிகம்தான். சேறு வைக்கும் குருசிபிள் கிண்ணங்களை நடுவில் நெருக்கி வைத்தோம். கறுப்பாக உள்ளே போன சேறு செங்கல் நிறத்தில் வெளியே வந்தது, இரும்பின் வேலை. பிள்ளைகள் படம் எடுத்துத் தள்ளினார்கள். நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. கோயிலுக்குப் போய் அப்படியே வார்டுக்கு. அப்பா கொழுக்கட்டையைப் பிட்டுப் பாதி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 28

மூன்றாம் குழுவின் 80 செ.மீ. மாதிரியில் மட்டும் எண் ஒட்டவில்லை. மேல்மண்ணைவிடக் கரிமம் இரண்டு மடங்கு. அந்த வேர்த் துண்டின் தூள் கலந்திருக்கலாம். நிஜமாகவே அந்த ஆழத்தில் அவ்வளவு இருக்கவும் கூடும். இன்னொரு முறை எரித்துப் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வார்டில் கேட்டேன். மெர்டேக்கா, சுதந்திர தினம், ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்களும் விடுமுறை. ரிப்போர்ட் செவ்வாய்தானாம்.

நாளை காலை எட்டுக்கு அடுப்பு. மீதி மாதிரியை 105 டிகிரியில் காய வைத்துவிட்டு வந்தேன்.