முதுகுத் தண்ணியில் விடிஆர்எல்: வைவாவில் நான் மாட்டிய இடம்

காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் செராலஜி, அதாவது நோய் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடியைத் தேடும் பாடம், படித்தேன். கீழே மீன் லாரி, தலைக்கு மேல் காக்கா. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைத் தேடும் விடிஆர்எல் டெஸ்ட் தலைகீழ்ப் பாடம். சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கு, ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும் பொருள்) சேர், 180 ஆர்பிஎம்மில் 4 நிமிஷம் சுற்று, மைக்ராஸ்கோப்பில் திரள் தெரிகிறதா பார்.

பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் மேடம் ஒரு சின்னக் குழாயை நீட்டினார். உள்ளே குடிதண்ணி மாதிரி தெளிவாக நாலு சொட்டு. "சிஎஸ்எஃப். நியூரோசிஃபிலிஸ் சந்தேகம். எப்படிப் பண்ணுவே?" சிஎஸ்எஃப் என்றால் முதுகிலிருந்து எடுக்கும் தண்டுவட நீர்; நியூரோசிஃபிலிஸ் என்றால் மூளை, நரம்பு வரை போன சிஃபிலிஸ்.

"வாட்டர் பாத்ல வைப்பேன் மேடம்."

அரியர்.

டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கிறவர்கள் இதை நோட்டில் தனிப் பக்கமாக எழுதி வையுங்கள். சிஎஸ்எஃப்-ஐ சூடாக்கக் கூடாது. சீரத்தைச் சூடாக்குவது அதிலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்களைச் செயலிழக்க வைக்க. தண்டுவட நீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆன்டிபாடியும் குறைவு. அதனால்தான் ஆன்டிஜெனோடு சம அளவு 10% உப்புநீர் சேர்த்து அதன் உணர்திறனைக் கூட்டுகிறோம். மாதிரி 0.05 மில்லி, ஆன்டிஜென் 0.01 மில்லி, குழியுள்ள ஸ்லைடு, சுற்றுவது 8 நிமிஷம். நான் வைத்துக்கொண்ட சூத்திரம்: "சூடு வேணாம், உப்பு வேணும், நேரம் ரெட்டிப்பு." சிஃபிலிஸுக்கான இன்னொரு டெஸ்டான ஆர்பிஆர் கிட் கையில் இருக்கிறதே என்று அதில் போடாதீர்கள். கரித்தூள் கலந்த அந்த ஆன்டிஜென் சிஎஸ்எஃப்-க்கு உரியதில்லை.

மேடத்தின் அடுத்த கேள்விக்கும் தப்பாகத்தான் சொன்னேன். "நெகட்டிவ் வந்தா நோய் இல்லைன்னு எழுதிடலாமா?" தலையாட்டிவிட்டேன். உண்மையில் நோய் இருப்பவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேரிடம்தான் இந்த டெஸ்ட் பிடிக்கும். பாசிட்டிவ் வந்தால், மாதிரியில் ரத்தம் கலக்காதவரை, கிட்டத்தட்ட உறுதி. நெகட்டிவ் வந்தால் ஒன்றும் முடிந்துபோகவில்லை. எஃப்டிஏ-ஏபிஎஸ் என்ற இன்னொரு சிஃபிலிஸ் டெஸ்ட் நேர் எதிர்: அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் நோய் இல்லை, பாசிட்டிவ் என்றால் ரத்தத்திலிருந்து கசிந்து வந்த ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வைவா தாண்டிவிடும்.

மீதிப் பாதி செல் கவுன்ட். மைக்ரோ லிட்டருக்கு 5 வெள்ளணுக்களுக்கு மேல், புரதம் டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். எச்ஐவி உள்ளவர்களுக்கு அந்த நோயே செல்களைக் கூட்டும் என்பதால் பலர் 20-ஐ எல்லையாக வைக்கிறார்கள். குழாய் வந்ததும் எண்ணிவிடுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் செல்கள் சிதைந்திருக்கும். எண்ணுவதற்கு வழக்கமாகக் கடைசிக் குழாய்தான். ஊசி குத்தின ரத்தம் முதல் குழாயோடு போய்விடும்.

போஸ்டிங்கில் ஒரு அம்மா தன் மகனுக்காக அழுதார்: "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடுமாம்பா." ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே என்று சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அந்தச் சொட்டுகளைத் தொடும்போதெல்லாம் கை கொஞ்சம் நிதானமாகவே போகிறது. கொட்டினால் இன்னொரு குத்து அல்லவா.

ஆறு மாசம் கழித்து மறுபடி பிராக்டிகல். இத்தனையும் படித்துக்கொண்டு போனேன். எனக்கு விழுந்தது டைஃபாய்டுக்கான வைடால்.