மேல்நிலைத் தொட்டி கேட்டுத் தீர்மானம் போடும் வார்டு மெம்பர்கள் கவனத்துக்கு

தண்ணீர் ஏறிவிட்டது. 2022 அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டது, 2024 ஆகஸ்டில்தான் மேட்டுத் தெருக் குழாய்க்கு வந்து சேர்ந்தது. வேலை நடந்ததென்னவோ சில மாதங்கள்தான். மீதியெல்லாம் காகிதம் சரியில்லை என்று திரும்பி வந்த நாட்கள். அடுத்து மெம்பராகவோ தலைவராகவோ வருகிறவர்கள் அதே இடங்களில் சறுக்க வேண்டாம்.

140 வீடுள்ள எங்கள் குக்கிராமத்துக்கு இருந்தது 10,000 லிட்டர் பழைய தொட்டி ஒன்று. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் குழாயடியில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, குழாயை இறக்கி, குடத்தை அந்தக் குழிக்குள் வைத்துப் பிடிப்பார்கள். மழை பெய்தால் சாக்கடையும் அதே குழியில் தேங்கும். மோட்டார் நின்றதும் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான்.

முதல் தவறு தீர்மானத்தின் வாசகம். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்ற ஒற்றை வரி. ஊர் பெயர், அளவு, சர்வே எண் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட தீர்மானம் மற்ற ஊர் தீர்மானங்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். அதைத் தேடிப் போனதும் தவறான மேசைக்கு. வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர்: ஒருவர் ஒன்றியத்துக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. நம் தீர்மானம் போக வேண்டியது இரண்டாமவரிடம். இது தெரியாமல் இரண்டு நாள் கூலி வீண்.

2023 ஜனவரி 26-இல் மறுபடி போட்டோம். இந்த முறை கணக்கோடு: 140 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், ஆக 30,800 லிட்டர். எனவே 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. 55 லிட்டர் என்பது வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு என்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. கிராம சபை அன்றைக்கு ஆள் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், அதற்கு மேல் 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு "அப்புறம் எழுதிக்கலாம் மெம்பர்" என்பார்கள். விடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. தீர்மான எண்ணும் தேதியும் உள்ள நகலை அன்றே வாங்கிவிடுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதாது, தலைவரும் மெம்பர்களும் கூடிப் போடும் ஊராட்சி மன்றத் தீர்மானமும் வேண்டும் என்று பொறியாளர் திருப்பி அனுப்பினார். மன்றக் கூட்டத்தில் மற்ற வார்டுக்காரர்கள் தொட்டிக்கான பணத்தில் தெருவுக்குப் பேவர் பிளாக் கல் கேட்டார்கள். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே, தெருவுக்குப் போடவே முடியாது என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய அடி விழுந்தது இடத்தில். மந்தையை ஒட்டிய காலி இடத்தை ஊரே காட்டியது. அளக்க வந்தபோது, எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அது ஏரிப் புறம்போக்கு, அதாவது ஏரிக்குரிய அரசு நிலம். நீர்நிலைப் புறம்போக்கில் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி கிடைக்காது, குடிநீர்த் தொட்டியாக இருந்தாலும் சரி. ஏழு மாதம் போனது அங்கேதான். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் போட்டால் அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடு இலவசமாகவே வரும். தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதம் அது. கடைசியில் குடியிருப்புக்கென்று விட்ட கிராம நத்தத்தில் பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட் கிடைத்தது.

கோப்பு நகரவே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "கோப்பு எந்தத் தேதியிலிருந்து எந்த அலுவலரிடம் உள்ளது, குறிப்புப் பக்கங்களின் நகல் தருக" என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. எங்களுக்கு 30 நாள் ஆவதற்குள் கோப்பே நகர்ந்துவிட்டது.

மதிப்பீடு, டெண்டர், கட்டுமானம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அதன்பின்தான் மின் இணைப்பு. தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தீர்மானம் இருந்தது, மோட்டாருக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும் என்ற வரி இல்லை. மின்வாரியத்துக்கு வைப்புத்தொகை கட்ட அதற்கென்று தனித் தீர்மானம் கேட்டார்கள். சுண்ணாம்பு அடித்த தொட்டி மூன்று மாதம் வறண்டு நின்றது. எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்: ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மோட்டார் அறை, மின் இணைப்பு, பகிர்மானக் குழாய் எத்தனை மீட்டர், தெருக் குழாய் எத்தனை.

தண்ணீர்ப் பரிசோதனையையும் முன்கூட்டியே முடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், வீட்டுக் கேன் ஆகாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கிணறு குடிக்க உதவாது.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த தேதி தூணில் எழுதியிருக்கிறதா, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 30,000 லிட்டருக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்களா என்பதை இப்போது மேட்டுத் தெருப் பெண்கள் கேட்கிறார்கள். குழிகளை அவர்களே மண் கொட்டி மூடிவிட்டார்கள்.