உதிரிப்பழத்துக்குச் சுழியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட வேலைகளைக் குத்தகை எடுத்துச் செய்யும் ஒருவருக்குச் சம்பளக் கணக்கு நிரலை பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். குலை வெட்டுக்கு டன் கணக்கில் கூலி, குலையிலிருந்து கீழே விழும் உதிரிப்பழம் பொறுக்கக் கிலோ கணக்கில்.

செப்டம்பர் முதல் வாரம் ஓர் அக்கா சம்பளச் சீட்டோடு வந்தார். "தம்பி, மெர்டேக்கா அன்னிக்குப் பொறுக்கினதுக்கு ஒண்ணுமே போடலியே?"

உண்மைதான். மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாளான ஆகஸ்ட் 31-க்கு நேரே சுழியம்.

கூலி விகிதம் சொல்லும் ஃபங்ஷனில் (நிரலின் ஒரு பகுதி) வேலை நாள், ஞாயிறு இரண்டுக்கும் ரிட்டர்ன், அதாவது விடையைத் திருப்பித் தரும் வரி, இருந்தது. பொது விடுமுறையில் குலைக்கு மட்டும் எழுதி, உதிரிப்பழத்தை விட்டுவிட்டேன். ரிட்டர்ன் இல்லாமல் ஃபங்ஷன் முடிந்தால் பைத்தான் சத்தமில்லாமல் 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தந்துவிடும். அதைக் கிலோவால் பெருக்கியிருந்தால் நிரல் பிழை காட்டி அங்கேயே நின்றிருக்கும்; எனக்கும் அன்றே தெரிந்திருக்கும். நானோ, விகிதம் வராவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளும்படி முன்பே எழுதியிருந்தேன். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த அந்த ஒரு வரிதான் அக்காவின் கூலியை விழுங்கியது.

அன்றிரவே, நிரலை ஓட்டாமலேயே படித்துப் பிழை தேடும் பைலின்ட் என்ற கருவியை ஓட்டினேன். அதன் ஆர்1710 விதி இதற்கென்றே இருக்கிறது: ஒரு ஃபங்ஷன் ஏதாவது ஒரு வழியில் மதிப்பைத் திருப்பினால், எல்லா வழியிலும் திருப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இஎஸ்லின்ட் கருவியில் 'கன்சிஸ்டன்ட் ரிட்டர்ன்' என்ற விதி இருக்கிறது. பைலின்ட் காட்டிய பட்டியலில் என் ஃபங்ஷனின் பெயர் முதலில் வந்தது. அதற்குக் கீழே இன்னும் நான்கு. நிரல் ஓடாமலேயே, விடுமுறை நாள் வருமுன்பே, கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை. அதுதான் என்னை உறுத்தியது.

அப்புறம், இந்த விதி எல்லாவற்றையும் பிடிக்காது. ஓரிடத்தில் எண், இன்னோரிடத்தில் சரம் (எழுத்துத் தொடர்) என்று திருப்பினாலும் பேசாமல் இருக்கும். அதற்காக ஃபங்ஷன் தலைப்பில் திருப்பும் வகையைக் குறித்து, அந்த வகைகளைச் சரிபார்க்கும் மைபை கருவியையும் சேர்த்தேன். இப்போது இரண்டு சோதனையிலும் தேறாமல் எந்த மாற்றமும் நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டுக்குள் (Git) போகாது. 0 போட்ட வரியை எடுத்துவிட்டேன். தெரியாத நாளோ வேலையோ வந்தால் நிரல் நிற்கட்டும்.

விடுபட்ட தொகையைக் கணக்கிட்டுக் கொடுத்ததும் குத்தகைக்காரர் அன்றே தந்துவிட்டார். அக்கா புதுச் சீட்டை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.