புறக்கோட்டைத் தெருவொன்றை பிளெண்டரில் கட்டுதல்

சூழல் வடிவமைப்புக்காகக் கையால் வரைந்த ஓவியத்தை முப்பரிமாண மாதிரியாக்கும்போது, அதில் எந்தக் கோட்டை நம்புவது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பென்சில் அளவு கேட்பதில்லை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ஒரு சுவரை நிறுத்துவதற்கே மீற்றர் கணக்கு வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது, கொழும்பின் கடைப் பகுதியான புறக்கோட்டையின் இரண்டாம் குறுக்குத் தெருவைத் தழுவிய ஒரு கற்பனைத் தெரு. கீழே புடவைக் கடைகள், மேலே மரப் பலகணிகள், கடைசியில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலின் சாயலில் ஒரு கோபுரக் கட்டடம். கோபுரம் ஓங்கித் தெரியவேண்டும் என்பதற்காக, அதன் மறைபுள்ளியை (இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் புள்ளியை) மற்றக் கட்டடங்களுடையதைவிடத் தாழ்த்தி வரைந்திருந்தேன். தாளில் அது உறுத்தாது. எப்ஸ்பை என்னும் இலவச மென்பொருளில் படத்தை ஏற்றிச் சுவரோரங்களின் மேல் அச்சுக் கோடுகளைப் பொருத்தினால் கெமராவின் கோணமும் குவியத் தூரமும் கிடைக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத மறைபுள்ளிகளுக்கு அதனால் ஒரே கெமராவைத் தர முடியாது. ஆகவே கடை வரிசைக்கு மட்டும் கெமராவைப் பொருத்திவிட்டு, கோபுரத்தைத் தனியே உயர்த்தியும் பின்தள்ளியும் கண்ணளவில் சரிசெய்தேன். ஓவியத்தைக் கோட்டுக்குக் கோடு பின்பற்றுவதைவிட அதன் எடுப்பைக் காப்பாற்றுவதே மேல் என்பது என் கட்சி. சுற்றி நடந்து பார்க்கும் விளையாட்டுக்கான காட்சியென்றால் இந்தச் சலுகையும் கிடையாது.

அளவு விடயத்தில் 1.7 மீற்றர் உயர மனித உருவம் ஒன்றும், ஏறத்தாழ 1.3 மீற்றர் அகலமுள்ள முச்சக்கரவண்டிக்கான பெட்டி ஒன்றும் போதுமானவை. சுமை இழுக்கும் நாட்டாமியின் வண்டியும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று உரசாமல் விலகிப் போகுமா என்று பார்த்தாலே தெருவின் அகலம் தெரிந்துவிடும். இது முடியும்வரை வெறும் பெட்டிகள்தான். அலங்காரம் எதுவும் தேவையில்லை.

கோபுரத்தின் சிவப்பு வெள்ளை வரிகளைச் செங்கல் செங்கல்லாகச் செய்வது வீண் வேலை. வரிகளையும் விளிம்புகளையும் ஒரே டெக்ஸ்சரில் (மேற்பரப்பில் ஒட்டும் படத்தில்) கிடைப்பட்டைகளாக அடுக்கி, யூவியை (மாதிரியின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடத்தை) அவற்றின் மேல் பரப்பினால், தூண்களுக்கும் வளைவுகளுக்கும் அதே படம் பொருந்தும். இதையே ட்ரிம் ஷீட் என்கிறார்கள். சுவரின் ஒரு மீற்றருக்குப் படத்தில் 512 பிக்சல் என்றால் எல்லாக் கட்டடங்களுக்கும் அதுவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு சுவர் கூராகவும் பக்கத்துச் சுவர் மங்கலாகவும் நிற்கும்.

இப்போது மிஞ்சியிருப்பது வெயில். கொழும்பு ஏறத்தாழ 6.9 பாகை வட அகலாங்கில் இருப்பதாலும் தெரு வடக்குத் தெற்காக ஓடுவதாலும், காலை வெயில் மேற்குப் பக்க மாடிகளில் மட்டும் படிகிறது, உச்சி வேளையில்தான் தரைக்கு இறங்குகிறது. ஓவியத்தில் ஆசையாகப் பூசிய சாய்வெயில் தரையில் விழவேண்டுமானால் கிழக்குப் பக்கக் கடையொன்றை ஒற்றை மாடியாகக் குறைக்கவேண்டும். அந்தப் பலகணியை இழக்க மனமில்லாவிட்டாலும், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.