கேபிளை உருவிய பிறகும் தீர்ந்துபோகும் பேட்டரி

மூன்றாவது பேட்டரியும் போனது. இந்த முறை விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்தவன், சாப்பிட வரச்சொல்லி வீட்டில் இரண்டாவது குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்.

பேஸ் கிட்டார் அதே பழையதுதான். இந்தோனேசியாவில் செய்த ஜாஸ் பேஸ் வகை. அதன் பழைய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சிங்கிள் காயில் வகை; இரைச்சல் தாங்காமல் இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ட்ரோல்களும் வயர்களும் இருக்கும் குழி முழுக்க காப்பர் டேப் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அதே பேஸில் செகண்ட் ஹேண்டில் கிடைத்த ஈஎம்ஜி ஜே செட் (பேட்டரியில் ஓடும் பிக்கப் இரண்டு), கூடவே ஆன்லைனில் வாங்கிய 2 பேண்ட் பிரீஆம்ப், அதாவது பேஸ், ட்ரெபிள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட். பிக்கப் பழைய மாடல். சொருகும் கனெக்டர் கிடையாது, ஈயம் வைத்தே ஆக வேண்டும். முதல் இரண்டு துளையில் பிக்கப்புக்கு ஒன்றாக வால்யூம், மூன்றாவதில் பேஸும் ட்ரெபிளும் ஒன்றின் மேல் ஒன்றாக. புது கண்ட்ரோல்கள் அமெரிக்க அளவு, 9.5 மில்லிமீட்டர் கழுத்து. கண்ட்ரோல்களும் கேபிள் சொருகும் ஜாக்கும் மாட்டியிருக்கும் என் பிளேட்டில் துளை சின்னது. வட்ட அரத்தால் ராவி ராவி ஒரு சாயங்காலம் போனது.

பழைய 250கே (கிலோ ஓம்) கண்ட்ரோலையே வைத்து ஓட்டிவிடலாம் என்று முதலில் சோம்பேறித்தனமும் பண்ணிப் பார்த்தேன். வால்யூம் ஸ்விட்ச் மாதிரி ஆகிவிட்டது; முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, நடுவில் ஒன்றும் கிடையாது. மரியாதையாக 25கே வாங்கிப் போட்டேன். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரையும் வெட்டியாயிற்று. பிக்கப்புக்குள்ளேயே ஷீல்டு இருப்பதால் அது வேண்டாம் என்று ஈஎம்ஜிகாரர்களே சொல்கிறார்கள். எர்த் சரியில்லாத கல்யாண மண்டபத்தில், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக ஷாக் வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சவுண்ட் முதல் நாளே அருமை. இரைச்சல் சுத்தமாக இல்லை. ஒரு மாதம் கழித்து ஈ கம்பியைத் தட்டினால் கரகரவென்று கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி சத்தம். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் 6 வோல்ட் சொச்சம்.

விஷயம் தெரிந்தவர்கள் உடனே ஜாக்கைத்தான் சந்தேகப்படுவீர்கள். நானும் அதைத்தான் பட்டேன். பிளக்கின் நுனி தொடும் இடம் டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ், அதுதான் எர்த். ஸ்டீரியோ ஜாக்கின் ரிங்கில் பேட்டரியின் கறுப்பு வயர், மோனோ பிளக்கைச் சொருகினால் ரிங்கும் ஸ்லீவும் ஒன்றாகி சர்க்யூட் முழுமையாகும், உருவினால் அறுந்துவிடும். கறுப்பு வயரைத் தப்பாக ஸ்லீவில் வைத்திருந்தால் எப்போதும் ஆனிலேயே இருக்கும். பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். வயரிங் சரி. மில்லி ஆம்பியரில் மீட்டர் வைத்தேன்: கேபிள் சொருகினால் 0.66, உருவினால் 0.00. அப்படியானால் யாரோ கேபிளை உருவாமல் விட்டிருக்கிறார்கள். தம்பியைத் திட்டினேன். அவன் இல்லை என்றான், நம்பவில்லை.

இரண்டாவதாகப் போட்டது பெட்டிக்கடையில் வாங்கிய மலிவு பேட்டரி. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த இரண்டு வாரமும் கேபிள் என் பையில்தான் இருந்தது.

கணக்கும் பார்த்தேன். ஈஎம்ஜி ஒரு பிக்கப்புக்கு 80 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும், இரண்டுக்கும் 0.16. மிச்ச அரை மில்லி ஆம்பியர் பிரீஆம்ப். நல்ல ஆல்கலைன் பேட்டரி 500 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், விடாமல் ஓடினால் 750 மணி நேரம். அதாவது ஒரு மாதம். முதல் பேட்டரி அச்சு அசலாக அவ்வளவுதான் தாங்கியது. ஷார்ட் எதுவும் இல்லை, பேஸ் இரவும் பகலும் ஆனில் இருந்திருக்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் ஆஃப்!

மூன்றாவது பேட்டரிக்குத்தான் புத்தி வந்தது. திறந்து அளக்காதே, மூடி அளந்து பார். பின்பக்கம் தனி பேட்டரி பாக்ஸ் இருப்பதால் இது முடிந்தது. (அந்தக் குழியை உளியால் எடுத்துக் கொடுத்த ஆசாரி "வீணைக்கு பேட்டரியா?" என்று சிரித்தார். விளிம்பு பிசிறில்லாமல் வந்திருக்கிறது.) பேட்டரியைத் திருப்பி, கிளிப்பில் ஒரு முனை மட்டும் கவ்வும்படி மாட்டி, காலியாக நிற்கும் முனைக்கும் கிளிப்பின் இன்னொரு பொத்தானுக்கும் நடுவே மீட்டர். பிளேட் மூடியிருக்கிறது, கேபிள் இல்லை. 0.66.

ஜாக் பக்கத்து ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். 0.00. முறுக்கினேன். 0.66. கத்தியே விட்டேன்.

பிளேட்டைத் தூக்கி டார்ச் அடித்தால், குழியின் ஓரத்தில் கறுத்துப்போன காப்பர் டேப்பில் நகம் கீறிய மாதிரி பளபளவென்று ஒரு கோடு. ரிங்கின் காது (வயரை ஈயம் வைக்கும் தகடு) அங்கே போய் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. காப்பர் எர்த்தில் இருக்கிறது, ரிங் அதைத் தொட்டால் கேபிள் சொருகிய மாதிரியேதான். டிப்பின் காது தொட்டிருந்தால் சத்தமே வராது, அன்றைக்கே பிடித்திருப்பேன். ரிங் தொட்டால் சவுண்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அது ஏன் அங்கே போனது என்பதுதான் வேடிக்கை. ஈயம் வைக்கும்போது காதுகள் எல்லாம் குழியின் நடுப்பக்கம் பார்க்கத்தான் வைத்தேன். மூடிய பிறகு வெளியிலிருந்து நட்டை முறுக்கினேன் இல்லையா, நட்டோடு சேர்ந்து ஜாக்கும் உள்ளே கால் சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நட்டைத் தளர்த்தி, ஜாக்கை நேராக்கி, பிறகுதான் அளந்திருக்கிறேன். குற்றவாளியை நானே ஓரமாக உட்கார வைத்துவிட்டு வீட்டைச் சோதனை போட்ட கதை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த பிக்கப்புக்கு காப்பர் டேப்பே தேவையில்லை. பழைய பிக்கப்புக்காக ஒட்டியது, எதற்கு உரிப்பது என்று விட்டேன்.

இப்போது செய்திருப்பது: பிளேட்டை மூடும் முன்பே ஜாக்கை உள்ளே விரலால் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினேன். நட்டுக்கு அடியில் பல் வைத்த வாஷர். ரிங் காதுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்). குழியின் அந்த ஓரத்துக்கு தண்ணீர் பாட்டிலில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு, மேலே இன்சுலேஷன் டேப். மூடிய பிறகு மறுபடி அளந்தேன், நட்டை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்கியும் அளந்தேன். 0.00.

ஜாக் விஷயத்தில் ஒன்று. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் எடுத்த முதல் ஜாக்கில், பிளக்கை அழுத்திப் பிடிக்கும் நாக்கு தகரம் மாதிரி; பத்து முறை சொருகியதும் படுத்துவிட்டது. கடைக்காரரிடம் காட்டினால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார். கையில் எடுத்து நாக்கை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள், சிணுங்கினால் வேண்டாம். மூடிய டப்பா மாதிரி வரும் ஜாக்கும் எனக்கு ஆகாது. எந்தக் காது எது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஈயம் வைக்க 25 வாட் சோல்ட்ரான் அயர்ன்தான் இன்னும் வைத்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது போதும்.

அடுத்தது 18 வோல்ட். இரண்டு பேட்டரியை சீரீஸில் போட்டால் பலமாக அடிக்கும்போது நசுங்காமல் வரும். பிக்கப் 27 வோல்ட் வரை தாங்கும், பிரீஆம்புக்குத்தான் பார்க்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லியாயிற்று, இரண்டாவது குழிக்கு இடம் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கு முன்னால் ட்ரெபிளைச் சரிபண்ண வேண்டும். ஓரத்து வயர் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டேன் போல, வலப்பக்கம் திருப்பினால் குறைகிறது. அதற்கு மறுபடியும் பிளேட்டைக் கழற்ற வேண்டும், நட்டைத் தளர்த்த வேண்டும்.

பேட்டரியில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.