பூனை இருக்கும் அச்சகம்

மதுரையில் எங்கள் வீட்டின் முன்கட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் நடத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. இடையிடையே காதுகுத்து, புதுமனை புகுவிழா, விசிட்டிங் கார்டு. இங்கேதான் சொக்கி என்ற செம்பட்டைப் பூனையும் மணி என்ற நாட்டு நாயும் என்னோடு இருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் சொக்கியைப் பார்த்ததும் கேட்பது, "பத்திரிகையில் முடி ஒட்டாதா?"

நியாயமான கேள்விதான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன் வைத்து எடுக்கப்போகிற பத்திரிகை அது. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தால் யாருக்கும் மனம் ஒப்பாது. ஆனால் பூனையை வெளியே அனுப்பிவிட்டால் அட்டைக்கட்டு எலிக்குப் போகும். கவர்களின் ஓரத்தில் இருக்கும் பசைக்காகவே எலி வரும். ஒரு கட்டின் ஓரத்தைக் கடித்துவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் வீண். எலி மருந்து வைத்தால் அட்டைகளுக்குப் பின்னால் எங்காவது செத்துக் கிடந்து, அந்த நாற்றம் தாளில் ஏறிவிடும். சொக்கி வந்த பிறகு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதைவிட முக்கியம், அவள் இல்லாத அச்சகத்தில் எனக்கு வேலை ஓடாது.

முடியை அச்சகம் முழுவதும் துரத்திக்கொண்டிருக்க முடியாது, துரத்தவும் தேவையில்லை. காய்ந்த இடத்தில் கிடக்கும் முடி யாரையும் கெடுக்காது, கூட்டினால் போய்விடும். ஈரம் இருக்கிற இடத்தில் விழுகிற முடிதான் வேலையைக் கெடுக்கும். எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பசை) பூசிய ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி), திறந்திருக்கும் மை, அடித்துக் காய்ந்துகொண்டிருக்கும் அட்டை, இவை ஈர இடங்கள். இவற்றோடு பிலிம் (எழுத்தைக் கறுப்பாக அச்சிட்ட தெளிவான தாள்) வைக்கிற கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது காய்ந்த இடம்தான், ஆனாலும் அங்கே கிடக்கிற முடி ஸ்கிரீனில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இந்த நான்கு இடங்களை மட்டும் காவல் காத்தால் மீதி அச்சகத்தைப் பூனைக்கே கொடுத்துவிடலாம்.

எந்த இடத்தில் காவல் தவறியது என்பதை அடித்த அட்டையே சொல்லிவிடும். எழுத்துகளுக்கு இடையில், மை இருக்கக் கூடாத வெற்றிடத்தில், மெல்லிய கோடு ஒன்று எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் வருகிறதா? எக்ஸ்போஸ் செய்யும்போது, அதாவது பிலிம் வழியாக ஸ்கிரீனுக்கு வெளிச்சம் காட்டும்போது, கண்ணாடிக்கும் எமல்ஷனுக்கும் நடுவில் முடி கிடந்திருக்கிறது. முடி கிடந்த இடத்தில் வெளிச்சம் படவில்லை, எமல்ஷன் இறுகவில்லை, தண்ணீர் அடித்ததும் அது கரைந்து மைக்கு வழி விட்டுவிட்டது. (அதே முடி கறுப்பு எழுத்தின் மேல் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.) எழுத்துக்குள்ளேயோ பார்டரிலேயோ மை விழாமல் வெள்ளைக் கீற்று வருகிறது, அதுவும் அடுத்தடுத்த அட்டைகளில் ஒரே இடத்தில் என்றால், ஸ்கிரீனின் அடிப்பக்கம் முடி ஒட்டியிருக்கிறது. ஓர் அட்டையில் மட்டும் என்றால் முடி அந்த அட்டையில் கிடந்தது. இடம் மாறி மாறி வந்தால் மைக்குள் இருக்கிறது, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி அதை இழுத்துக்கொண்டு திரிகிறது. என்னிடம் வேலை பார்க்கும் தம்பி இப்போது அட்டையைக் கையில் எடுத்ததுமே, "அக்கா, இது கண்ணாடியில் இருந்தது" என்று சொல்லிவிடுகிறான்.

தமிழ் அடிப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். எமல்ஷனோடு சேர்ந்து காய்ந்த முடித்துண்டு கழுவும்போது பிய்ந்து வந்து ஊசித்துளை விடும். அந்தத் துளை ஓர் எழுத்தின் தலைக்கு நேரே அமைந்தால் அது புள்ளியாகிவிடும். கமலா கம்லா ஆகிவிடுவாள். ஸ்கிரீனின் அடியில் ஒரு முடி புள்ளியின் மேல் படுத்துக்கொண்டால் செல்வன் என்பதில் கடைசி எழுத்து உயிர்பெற்றுவிடும். அதனால் கழுவிக் காய்ந்த ஸ்கிரீனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்குவீஜி ஓடும் பக்கத்திலிருந்து, எல்லாப் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். துளை தெரிந்தால் தூரிகை நுனியில் எமல்ஷன் தொட்டு அடைத்து, மறுபடி வெளிச்சம் காட்டினால் போதும்.

பூனை முடி எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகையின் சின்ன எழுத்துக்கு நான் சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடும் துணி போடுகிறேன். அதன் கண், அதாவது இழைகளுக்கு நடுவில் உள்ள துளை, 50 மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன், ஆகவே நம் முடி விழுந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூனையின் அடிமயிர் அதைவிட மிக மிக மெல்லியது. டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடியை எத்தனை தடவை குனிந்து பார்த்தாலும் தெரியாது.

நான் செய்வது இது: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியின் மேல் கிடைமட்டமாகப் படுக்க வைப்பேன். கண்ணாடியோடு படிந்து வருகிற வெளிச்சத்தில் ஒவ்வொரு முடியும் பளிச்சென்று எழுந்து தெரியும். காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம் ஏறி இருக்கிற முடியையெல்லாம் அதுவே இழுக்கும். கண்ணாடிக்கு ஈரத் துணி. பிலிமில் ஈரம் படலாகாது, ஆகவே செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி விரல்களில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுப்பேன். அச்சு இருக்கும் பக்கத்தில் டேப் படக் கூடாது, மறுபக்கம்தான்.

எக்ஸ்போசிங் பெட்டி பூனைக்குப் பிடித்தமான இடம். உள்ளே விளக்கு எரிந்து மேலே கண்ணாடி இளஞ்சூடாக இருக்கும். ஸ்கிரீன் காய வைக்கும் அலமாரியும் அப்படித்தான். அங்கிருந்து விரட்டினால் பூனை திரும்பத் திரும்ப வரும். அதைவிட நல்ல இடம் ஒன்றைக் கொடுத்தால் தானே அங்கே போய்விடும். அட்டை வந்த காலிப்பெட்டி ஒன்றில் பழைய சேலையை மடித்துப் போட்டு, கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, வெயில் விழும் இடத்தில் வைத்தேன். சொக்கி அதை விட்டு நகர்வதில்லை. எக்ஸ்போசிங் பெட்டியின் மேல் இப்போதும் மூடி போட்டுத்தான் வைக்கிறேன், அது வேறு விஷயம்.

எமல்ஷன் பூசும் அறைக்குள் மட்டும் அவளுக்கு எந்தக் காலத்திலும் அனுமதி இல்லை. பூசுவதற்கு முன் தரையைக் கூட்ட மாட்டேன், ஈரத்துணியால் துடைப்பேன். கூட்டினால் கீழே படிந்தது மேலே எழும்பி நெடுநேரம் அங்கேயே மிதக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுவேன். பூசிய ஸ்கிரீனை அடிப்பக்கம் கீழே பார்க்கும்படி படுக்க வைத்து அலமாரிக் கதவைச் சாத்திவிடுவேன். மையைப் பழைய ஸ்கிரீன் துணியில் வடிகட்டி ஊற்றுவதும், அட்டை காயும் ரேக்கின் மேல் கொசுவலை போடுவதும் எல்லோரும் செய்கிறதுதான். தங்க மை போடும் அரக்குநிற அட்டைக்குக் கூடுதலாக ஒன்று: சொக்கியின் முடி அதில் தங்கத்தோடு தங்கமாக ஒளிந்துகொள்ளும், ஆகவே அந்த அட்டையைச் சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் வேலை தொடங்குமுன் மொட்டை மாடியில் இருவருக்கும் சீப்பு போட்டு, பிறகு ஈரக் கையால் உடம்பெல்லாம் ஒரு தடவு. அச்சகத்தில் விழ வேண்டிய முடியில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வேலைக்கோட்டு போட்ட பிறகு அவளைத் தூக்குவதில்லை. மடியில் ஏறுவாள், எழுந்துகொள்வேன். அது மட்டும் மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

முடியால் வேலைக்கு வரும் கேட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வேலையால் பூனைக்கு வரும் கேட்டை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிது. பூனை நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். தரையில் சிந்தியது எதுவானாலும் பாதத்தில் ஒட்டி வாய்க்குப் போகும். எமல்ஷன் வெளிச்சத்தில் இறுகுவதற்காக அதில் பைகுரோமேட் கலக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் உண்டு. அது மனிதர்களுக்கே புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள். நான் அதற்குப் பதிலாகக் கலக்கும் டையசோவுக்கு மாறிவிட்டேன். மண்ணெண்ணெய், தின்னர் நனைந்த துணிகள் மூடிபோட்ட தகர டப்பாவுக்குள் போகும். தரைக்குப் பினாயில் கிடையவே கிடையாது. பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, நமக்கு வாசனையாக இருப்பது அதற்கு நஞ்சு. தண்ணீரும் துளி சோப்பும் போதும். கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கவே விடக் கூடாது, அவள் அதைத்தான் முதலில் குடிக்கப் போவாள். தண்ணீர்க் கிண்ணத்தை அச்சகத்தில் வைக்காமல் அடுக்களைப் பக்கம் வைத்திருக்கிறேன்.

அட்டையில் ஏதாவது ஒட்டியிருந்தால் பழி உடனே பூனை மேல் விழும். நான் மேசையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்திருக்கிறேன். பூனை முடி வழவழப்பாக, ஒரே சீராக இருந்து நுனியில் கூர்ந்து முடியும். நூல் பிசிறு முறுக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் இழை விட்டு நிற்கும். பார்த்துப் பார்த்துத் தெரிந்தது, ஒட்டுவதில் பெரும்பாலானது, மை துடைக்கிற பனியன் வேஸ்டின் பிசிறுதான். அட்டைக்கட்டின் சணல் நாரும் உண்டு. பனியன் வேஸ்டை ஸ்கிரீன் பக்கம் கொண்டுவருவதை நிறுத்தி, ஓரம் மடித்துத் தைத்த பழைய வேட்டித் துணிக்கு மாறியதும் பிசிறு கண்கூடாகக் குறைந்தது. பூனையே இல்லாத அச்சகத்துக்கும் இதைச் சொல்வேன்.

மணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் வாசற்படியைத் தாண்டுவதில்லை, தாண்டச் சொன்னாலும் வர மாட்டான். அவன் முடி தடிமன், குட்டை, கண்ணுக்குத் தெரியும். ஆடியில் மட்டும் காற்று அதை வாசலிலிருந்து உள்ளே அள்ளி வருகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலையும் இல்லை, ஆகவே இதுவரை தள்ளிப்போட முடிந்தது. இந்த முறை ஆவணிக்கான பத்திரிகைகள் ஆடியிலேயே அடிக்க வந்திருக்கின்றன. வாசல் கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி இருக்கிறது. அதற்கு ரப்பர் பட்டை அடிக்க ஆசாரியை நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.