போஸ்ட்கார்டுல வந்த நீதிபதி

ஹூஸ்டன் பக்கம் இருக்கற அண்ணன் மக ஒரு நாள் வீடியோ கால்ல ஒரு வழவழப்பான அட்டையத் தூக்கிக் காட்டி "சித்தப்பா, ஜட்ஜ் எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க"ன்னா. எனக்கு பக்குனு ஆயிருச்சு. எங்க குடும்பத்துல கோர்ட்டுலேருந்து பேப்பர் வந்தா ஒன்னு சம்மன் இல்லன்னா நோட்டீஸ், வேற எதுவும் வந்ததில்ல. என்ன தாயி கேஸு, கார்ல யாரையும் இடிச்சுட்டியான்னு கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கறா. கேஸும் இல்ல ஒன்னும் இல்லயாம், அந்தம்மா மறுபடியும் நீதிபதியா வர்றதுக்கு ஓட்டு கேக்கறாங்களாம்.

நான் தேவகோட்டை கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவன், எங்கப்பாவும் அதே வேலைதான். ரெண்டு பேருமா சேத்து அம்பது வருஷத்துக்கு மேல கேஸ் கட்டு தூக்கியிருக்கோம். (1942 ஆகஸ்ட் போராட்டத்துல ஜனங்க தீ வச்ச கோர்ட்டு எங்க ஊரு கோர்ட்டு, அந்தக் கதைய அப்பா எத்தன தடவ சொல்லியிருப்பாரோ.) நீதிபதி ஓட்டு கேட்டு அட்டை அனுப்புவாருன்னு யாராவது சொல்லியிருந்தா கோர்ட்டு சேவகன் டவாலிகூட சிரிச்சிருப்பான்.

அட்டையில என்ன இருக்கு படின்னேன். பொறந்து வளந்த ஊரு, படிச்ச சட்டக் காலேஜு, முன்னாடி அரசு வக்கீலா இருந்தது, கல்யாணம் ஆகி இத்தன வருஷம், ரெண்டு புள்ளைங்க, எந்த சர்ச்சுக்குப் போறாங்க, அப்பறம் ஒரு நாய். நாயோட பேரும் போட்டிருக்கு. கீழ பெரிய எழுத்துல நேர்மை, குடும்பம், அனுபவம்னு மூணே வார்த்தை. பின்னாடி குடும்பத்தோட ஒரு போட்டோ, எல்லாரும் நீலச் சட்டை. எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகையில இருக்கற விவரம் அத்தனையும் இருந்துச்சு, கோர்ட்டுல அந்தம்மா எப்படின்னு மட்டும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல மத்திய அரசு நீதிபதிங்கள ஜனாதிபதி நியமிக்கறாரு, செனட் சம்மதிக்கணும், ஆயுசு பூரா பதவி. மாநில கோர்ட்டுங்க கதை வேற, ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. எல்லா நீதிபதியையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு மொதல்ல சொன்னது மிசிசிப்பி, 1832ல. இவ இருக்கற டெக்ஸாஸ்ல மாவட்ட நீதிபதிக்கு நாலு வருஷம்தான், அப்பறம் திரும்ப ஜனங்ககிட்ட வரணும், அதுவும் கட்சிப் பேரோட நிக்கணும். ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டில ஒரே ஓட்டுச் சீட்டுல டஜன் கணக்குல நீதிபதி பேரு வருமாம், முன்னாடியெல்லாம் ஒரே அமுக்குல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு கட்சிக்கே ஓட்டு போட்டுட்டு வந்துரலாம், அத 2020லதான் எடுத்தாங்க. அந்த ஒரே அமுக்கு இருந்த 2018 தேர்தல்ல ஹாரிஸ்ல நீதிபதி பதவிங்கள ஜனநாயகக் கட்சி வாரிச் சுருட்டிருச்சு. நல்லா தீர்ப்பு எழுதுனவரு, எழுதாதவரு எல்லாரும் சேந்தேதான் வீட்டுக்குப் போயிருப்பாங்க.

இன்னொன்னு, அங்க ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்னு சின்ன கோர்ட்டு இருக்கு, டிராபிக் அபராதம், வாடகைக்காரர காலி பண்றது, 20,000 டாலர் வரைக்கும் உள்ள பணத் தகராறு எல்லாம் அங்கதான். அதுக்கு நீதிபதியா வர்றவரு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்னு டெக்ஸாஸ்ல கட்டாயம் இல்ல. இத எங்க பழைய பெஞ்ச் கிளார்க்குக்கு போன் போட்டு சொன்னேன், "அப்ப நம்மளும் நிக்கலாம்டா"ன்னாரு. கல்யாணமும் பண்ணி வைப்பாங்களாம்னேன், அப்பன்னா கட்டாயம் நிக்கறேன்னாரு.

சரி, ஓட்டு போட்டு வச்சா பயம் இருக்கும்ல, ஒழுங்கா இருப்பாங்கல்லன்னு மொதல்ல தோணுச்சு. அப்பறம் அயோவா கதையப் படிச்சேன். ஒரே பாலினத்தவங்க கல்யாணம் செல்லும்னு 2009ல அங்க சுப்ரீம் கோர்ட்டுல ஏழு நீதிபதியும் ஒன்னா தீர்ப்பு சொன்னாங்க, அடுத்த வருஷம் அதுல மூணு பேரு நீடிக்கலாமா வேணாமான்னு ஓட்டெடுப்பு வந்துச்சு, மூணு பேரையும் தூக்கிட்டாங்க. மேற்கு வர்ஜீனியாவுல அதுக்கு நேர் தலைகீழ். ஒரு நிலக்கரிக் கம்பெனி மேல அஞ்சு கோடி டாலர் தீர்ப்பாகி அப்பீலுக்குப் போகற நேரம், கம்பெனித் தலைவரு 2004 தேர்தல்ல ஒரு வேட்பாளருக்காக 30 லட்சம் டாலர் எறக்கி ஜெயிக்க வச்சாரு, அந்த நீதிபதியே அப்பீல்ல உக்காந்து கம்பெனி பக்கம் ஓட்டு போட்டாரு. 2009ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவரு வெலகியிருக்கணும்னு சொல்லுச்சு, அதுவும் அஞ்சுக்கு நாலுங்கற கணக்குலதான். அவரு வெலக வேணாம்னு நாலு நீதிபதிங்க எப்படி சொன்னாங்கங்கறதுதான் எனக்கு இன்னமும் வெளங்கல.

அப்பா இருந்திருந்தா இதக் கேட்டு எந்திரிச்சு நின்னுருப்பாரு. அவரு சொல்ற ஒரு நீதிபதி உண்டு, ராமநாதபுரம் ஜில்லாவா இருந்த காலம், அனுப்புனது கேஸு போட்ட வாதிகூட இல்ல, ஊருல ஒரு பெரிய வீட்டுல கல்யாணம் முடிஞ்சு எல்லா அதிகாரிங்க வீட்டுக்கும் குடுத்து விட்ட மாதிரி அவரு வீட்டுக்கும் தாம்பாளத்துல தேன்கொழலும் சீப்பு சீடையும் அனுப்பியிருக்காக, அத வாசப்படி தாண்ட விடலயாம். சாயங்காலம் தனியா நடப்பாராம், எதுக்க வக்கீல் வந்தா தெரு மாறிருவாராம். இங்க அது அவரோட சொந்த வைராக்கியம் மட்டும் இல்ல, 1997ல நம்ம சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிங்க எல்லாரும் கூடி எழுதி வச்ச நெறிமுறையில, நீதிபதி ஒரு கிளப்புலயோ சங்கத்துலயோ பதவிக்குக்கூட தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு இருக்கு.

ஆனா நம்ம பக்கம் எல்லாம் சுத்தம்னு சொல்லிட்டுப் போக மனசு வரல. புது நீதிபதி வர்றாருன்னு ஆர்டர் வந்த அன்னைக்கு கோர்ட்டு வாசல் டீக்கடையில என்ன பேச்சு ஓடும்னு எனக்குத் தெரியும். எந்த ஊரு, மாமனார் யாரு, முன்னாடி இருந்த ஊருல எந்த வக்கீலோட பழக்கம், கடைசியா குரல எறக்கி "என்ன ஆளு?" நானும் கேட்டிருக்கேன், கேஸு குடுத்த கட்சிக்காரங்க கேக்கறாங்கன்னு சாக்கு சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க அட்டையில சர்ச்சு பேரு போட்டுட்டாங்கன்னு சிரிச்சேன்ல, நாங்க அட்டை அடிக்காம அதையேதான் விசாரிச்சுட்டு இருந்தோம்.

எங்க சொந்தக் கேஸ் ஒன்னு, எந்தக் கோர்ட்டுன்னு சொல்லல. அப்பத்தா வீட்டுப் பாகப்பிரிவினை, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச வளவும் ரெண்டாம் கட்டும் எட்டுப் பங்காளிக்குப் பிரியணும், பதினாலு வருஷம் ஓடுச்சு. அதுல ஒரு நீதிபதி வீட்டப் பாத்து அளந்து சொல்ல ஒரு வக்கீல கமிஷனரா போட்டு, பிளான் வாங்கி, ரெண்டு பக்கமும் வாதம் முழுசாக் கேட்டு முடிச்சாரு, தீர்ப்பு தேதி குடுக்கறதுக்குள்ள டிரான்ஸ்பர். புதுசா வந்தவரு மொதல்லேருந்து கேக்கறேன்னாரு. அதுக்கப்பறம் வாய்தா, வாய்தா, வாய்தா. மேற்கால தாழ்வாரம் அதுக்குள்ள இடிஞ்சு விழுந்துருச்சு. பரீட்சை எழுதி வந்தவங்க, சட்டம் தெரிஞ்சவங்க, ஒருத்தரையும் கொற சொல்ல முடியாது, ஆனா அந்த வீட்ட மனசுல வச்சிருந்த நீதிபதின்னு யாரும் மிஞ்சல. டெக்ஸாஸ் அட்டைக்காரம்மா எட்டு வருஷமா அதே நாற்காலியில இருக்காங்கன்னு கேட்டப்ப கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு.

உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் வந்துச்சு, பராந்தக சோழன் காலம், குடவோலை. அதுல ஊர்ச் சபையோட குழுவான வாரியத்துக்கு பேரு எழுதிப் போடணும்னா கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது, முன்னாடி இருந்து கணக்கு காட்டாதவன் பேரு மட்டும் இல்ல, அவன் சொந்தக்காரன் பேரும் குடத்துக்குள்ள போகக் கூடாது. மறுபடி வர்றவன பாத்து என்ன கேக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, குடும்பம் எப்படின்னு இல்ல, கணக்கு எங்கன்னு.

அதத்தான் அண்ணன் மககிட்ட சொன்னேன். அட்டைய கீழ வையி தாயி, ஒரு நாள் லீவு போட்டு அந்தம்மா கோர்ட்டுல கடைசி பெஞ்சுல போய் உக்காரு, அங்கயும் கோர்ட்டு எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கும். எத்தன மணிக்கு நாற்காலியில ஏறுறாங்க, எத்தன கேஸ் தள்ளிப் போகுது, வக்கீல் இல்லாம வந்து நிக்கறவங்ககிட்ட எப்படிப் பேசறாங்க, இத மூணையும் பாரு. ஒருத்தரு நல்ல நீதிபதியான்னு தெரிய குமாஸ்தாவுக்கு இது போதும், ஜாதகம் வேணாம்.

நெசமாவே போயிட்டு வந்தா. ஒம்போது மணின்னு போட்டிருந்துச்சாம், ஒம்போது இருவதுக்கு வந்தாங்களாம். பன்னெண்டு மணிக்குள்ள பாதி லிஸ்ட்டு தள்ளி வச்சாங்களாம், ஆனா ஒவ்வொன்னுக்கும் ஏன்னு கேட்டு, அடுத்த தேதியில வரலன்னா அவ்வளவுதான்னு சொல்லி விட்டாங்களாம். இங்கிலீஷ் சரியா வராத ஒரு பொம்பள வக்கீல் இல்லாம கைக்கொழந்தையோட நின்னுருக்கு, மொழிபெயர்க்க ஆள் வர்ற வரைக்கும் அந்தக் கேஸத் தொடல, வந்ததும் ரெண்டு தடவ சொல்ல வச்சு, புரிஞ்சுதான்னு கேட்டு, அப்பறம்தான் எழுதுனாங்களாம்.

"போட்டுட்டேன் சித்தப்பா, அவங்களுக்குத்தான்"ன்னா. மத்த நீதிபதிங்களுக்குன்னு கேட்டேன், சீட்டுல அம்பதுக்குக் கொறையாம பேரு இருந்துச்சுன்னு சொன்னாளே.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "பேரு நல்லா இருந்துச்சுல்ல, அதப் பாத்து போட்டுட்டேன்"ன்னு இழுத்தா.